உள்ளங்கால் எரிச்சலுக்குச் சத்து மாத்திரை: எதை வாங்கலாம், எதை விடலாம்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். அம்மா பாவூர்சத்திரத்தில் இருக்கிறார். அறுபதைத் தாண்டிய வயது. பத்து வருஷத்துக்கு மேலாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் காலையும் இரவும். ஒரு வருஷமாக இரண்டு உள்ளங்காலிலும் எரிச்சல், ராத்திரியில் போர்வை பட்டால்கூடத் தாங்க முடியவில்லை. அமெரிக்காவில் இருக்கும் அக்கா நரம்புக்கு என்று ஒரு டப்பா அனுப்பியிருக்கிறார். பக்கத்து வீட்டு ஆச்சியோ, பத்து நரம்பு ஊசி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். இதில் எதைக் கொடுப்பது, எவ்வளவு நாள் கொடுப்பது?

நான் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நெடுநாள் நின்ற மருந்தாளுநர். அந்த அளவில் சொல்கிறேன்: டப்பாவை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். ஊசியையும் நிறுத்தி வையுங்கள். முதலில் அம்மாவுக்கு ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு பார்த்துவிடுங்கள். பார்ப்பதற்கு முன்னால் புதிதாக ஒரு பி12 மாத்திரைகூட உள்ளே போகக் கூடாது. போய்விட்டால் ரத்தத்தில் அளவு ஏறித் தெரியும்; உண்மையில் குறை இருந்ததா இல்லையா என்பது அதன் பிறகு யாருக்கும் தெரியாது.

ஏன் பி12-ஐ மட்டும் இப்படிப் பிடித்துக்கொள்கிறேன் என்றால், நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்கள்தான் காரணம். அப்பா போன பிறகு அம்மா கவிச்சியை விட்டுவிட்டார் என்றீர்கள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போடுகிறார் என்றீர்கள். மூன்றாவது மெட்ஃபார்மின். பி12 குறைவதற்கு இந்த மூன்றில் ஒன்று போதும். அம்மாவிடம் மூன்றும் சேர்ந்திருக்கின்றன.

பி12 இயற்கையில் செடி கொடியில் கிடையாது. மீன், ஈரல், ஆட்டுக்கறி, முட்டை, பால், தயிர் இவற்றில்தான். நம் பக்கத்துச் சாளை மீனில் தாராளமாக உண்டு. முருங்கைக்கீரை எவ்வளவு தின்றாலும் இரும்பு கிடைக்கும், பி12 கிடைக்காது. சைவ வீடுகளில் மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற சொதியைப் பார்த்து, இவ்வளவு பால் ஊற்றுகிறோமே என்று நினைக்கலாம். அது தேங்காய்ப்பால், அதிலும் பி12 இல்லை. தினத் தேவை என்னவோ இரண்டு மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் மேலேதான். இரண்டு டம்ளர் மாட்டுப்பாலும் ஒரு கிண்ணம் தயிரும் ஏறக்குறைய அதைத் தந்துவிடும். ஆனால் பாலில் பாதித் தண்ணீர் ஊற்றிக் காபி போடுகிற வீட்டில் அந்தக் கணக்கு உதவாது. கல்லீரல் சில வருஷத்துக்கு இருப்பு வைத்திருப்பதால், கவிச்சியை விட்ட உடனே ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு வருஷம் கழித்துத்தான் கால் பேசும்.

கேஸ் மாத்திரை, அதாவது பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் வகை, வயிற்று அமிலத்தைக் குறைக்கிறது. உணவில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12-ஐப் பிரித்தெடுக்க அந்த அமிலம் வேண்டும். மெட்ஃபார்மின் கதை வேறு: சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உள்ளே இழுக்கப்படுவதை அது தடுக்கிறது. 2010-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு டச்சு ஆய்வில், நாலு வருஷத்துக்கு மேல் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கு, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட பி12 சுமார் 19 சதவீதம் குறைந்திருந்தது. மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு, அதிலும் கால் எரிச்சலோ ரத்தசோகையோ இருந்தால், அவ்வப்போது பி12 பார்க்கச் சொல்லி அமெரிக்கச் சர்க்கரைநோய்ச் சங்கம் வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது. நம் ஊரில் மக்களைத் தேடி மருத்துவத்தில் மெட்ஃபார்மின் வீடு தேடி வருகிறது. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் மாத்திரை வாசலுக்கே வந்துவிடுவதால் வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கப் போவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது நல்ல மருந்து. குறையை ஈடு கட்டினால் போதும்.

ரிப்போர்ட்டில் 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறை என்று எடுத்துக்கொள்ளலாம். 200-லிருந்து 300 வரை சந்தேக எல்லை. தேவைப்பட்டால் டாக்டர் ஹோமோசிஸ்டீன், மெத்தில்மலோனிக் ஆசிட் என்று இன்னொரு சோதனை எழுதுவார். குறை உறுதியானால் ஆச்சி சொன்ன ஊசிக்கு அப்போது அர்த்தம் உண்டு. நரம்பில் அறிகுறி இருக்கும்போது பெரும்பாலும் ஊசியில்தான் தொடங்குவார்கள், 1000 மைக்ரோகிராம் கணக்கில். பிறகு மாத்திரைக்கு மாறலாம். மாத்திரையும் 1000 மைக்ரோகிராமாக இருக்க வேண்டும். ஏனென்றால் உறிஞ்சும் வழி அடைபட்டாலும், போட்டதில் நூற்றில் ஒரு பங்கு தானாகக் கசிந்து உள்ளே போகும். 1000 போட்டால் 10 கிடைக்கும், அது போதும். சாதாரண பி காம்ப்ளக்ஸ் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: பி12 பத்து, பதினைந்து மைக்ரோகிராம்தான் போட்டிருக்கும். அதை வைத்துக்கொண்டு இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. பி12-ன் இரண்டு உருவங்களில் மீதில்கோபாலமின்தான் உசத்தி, சயனோகோபாலமின் மட்டம் என்று கடையில் சொல்வார்கள். குறையை ஈடு செய்ய இரண்டுமே உதவும்.

எரிச்சல் குறைய மாதக்கணக்கு ஆகும். நரம்பு மெதுவாகத்தான் தேறும். ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டது முழுசாகத் திரும்பாமலும் போகலாம். பி12 குறை இருக்கும்போது ஃபோலிக் ஆசிட் மட்டும் தனியாகச் சாப்பிட்டால் ரத்தசோகை சரியான மாதிரித் தெரியும், நரம்பு பாதிப்போ உள்ளே வளர்ந்துகொண்டே போகும். ‘ரத்த மாத்திரை’ என்று வாங்கிப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, பி12 நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால்? அப்போது அம்மாவின் எரிச்சலுக்குப் பி12 மருந்து அல்ல. குறை இல்லாதவருக்கு மேலும் மேலும் போட்டால் நரம்பு வலி குறையும் என்பதற்குச் சான்று மிகவும் மெலிவு. சத்து மாத்திரை வேலை செய்வது அந்தச் சத்து குறைந்த இடத்தில்தான். குடிப்பவருக்கு பி1, காசநோய்க்கு ஐசோநயாசிட் சாப்பிடுபவருக்கு பி6, சைவக்காரருக்கு பி12, இப்படி ஆளுக்கேற்ற காரணம் இருக்கும். காரணம் தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு விற்பதுதான் அக்கா அனுப்பிய சரக்கு.

அந்த டப்பாவின் லேபிளை எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அதில் என் கண்ணை உறுத்தியது பி6. ஒரு கேப்ஸ்யூலில் 25 மில்லிகிராம், தினம் இரண்டு. ஆக 50. உடம்புக்குத் தேவை இரண்டு மில்லிகிராம் அளவுதான். அம்மா ஏற்கெனவே போடுகிற பி காம்ப்ளக்ஸில் கொஞ்சம் இருக்கும். ஆச்சி சொல்லும் ‘நரம்பு ஊசி’ பெரும்பாலும் பி1, பி6, பி12 கலவைதான். பல கம்பெனி ஊசிகளில் பி6 மட்டும் 100 மில்லிகிராம். மூன்றையும் கூட்டிப் பாருங்கள்.

பி6 அளவு மீறினால் என்ன ஆகும் தெரியுமா? நரம்பு கெடும். கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். எதற்காக மாத்திரை போட்டோமோ அதே அறிகுறி. 1983-ல் அமெரிக்க மருத்துவர்கள் இப்படி ஏழு பேரை முதன்முதலாக விவரித்தார்கள். அவர்கள் சாப்பிட்டது கிராம் கணக்கில். அதற்குப் பிறகு, அதைவிட ரொம்பக் குறைந்த அளவை நீண்ட நாள் சாப்பிட்டவர்களிடமும் பாதிப்பு வந்ததாகத் தகவல்கள் சேர்ந்தன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் பெரியவர்களுக்கான உச்ச அளவை 12 மில்லிகிராமாகக் குறைத்தது. அமெரிக்காவில் இன்னும் 100 என்று இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் பாருங்கள். கடையில் நின்று பார்த்தவன் என்ற முறையில் எனக்கு ஐரோப்பாக்காரன் சொல்வதே சரியாகப் படுகிறது. ஏனென்றால் இங்கே யாரும் ஒரே அட்டையோடு நிற்பதில்லை. ஒரு டாக்டர் எழுதியது ஒன்று, பழைய சீட்டில் தொடர்வது ஒன்று, மகள் அனுப்பியது ஒன்று. மூன்றிலும் பி6 இருக்கும். எரிச்சல் கூடினால், மருந்து போதவில்லை என்று நான்காவதை வாங்குவார்கள்.

டப்பாவில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ஆல்ஃபா லிபோயிக் ஆசிட் பற்றி. இது முழுக்க ஏமாற்று இல்லை. ஜெர்மனியில் சர்க்கரைக்கால் எரிச்சலுக்கு ரொம்ப காலமாகக் கொடுத்து வருகிறார்கள். ரத்தக்குழாய் வழியாக 600 மில்லிகிராம் ஏற்றி மூன்று வாரம் பார்த்த ஆய்வுகளில் பலன் தெரிந்தது. வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006-ல் வந்தது, சிட்னி 2 என்று பெயர். ஐந்து வாரம், 181 பேர். மருந்து சாப்பிட்டவர்களுக்கு அறிகுறி பாதியாகக் குறைந்தது. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அதே ஆய்வில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 32 சதவீதம் குறைந்தது. அதே மருந்தை நாலு வருஷம் கொடுத்துப் பார்த்த நேதன் 1 என்ற ஆய்வில், முதன்மையாக எதை அளக்க நினைத்தார்களோ அதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2024-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் குழு ஆறு மாதமும் அதற்கு மேலும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, அறிகுறியில் பலன் சொற்பம் அல்லது இல்லை என்று முடித்தது.

ஆகவே என் கருத்து: பி12 சரியாக இருந்து, டாக்டரும் ஒப்புக்கொண்டால், லிபோயிக் ஆசிட்டை மட்டும் தனி மாத்திரையாக, காலையில் வெறும் வயிற்றில் 600, இரண்டு மாதம் பார்க்கலாம். தேறவில்லை என்றால் விட்டுவிட வேண்டும். குமட்டல் வரலாம். சர்க்கரை இறங்கலாம், அதனால் இன்சுலின் போடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அசிட்டைல் எல் கார்னிடின் என்று இன்னொன்று. சர்க்கரை நோயாளிகளில் 2005-ல் வந்த ஆய்வுகளில் வலி கொஞ்சம் குறைந்தது. அதை நம்பி, மார்பகப் புற்றுக்குக் கீமோ எடுக்கும் பெண்களுக்கு நரம்பு கெடாமல் இருக்கட்டும் என்று 409 பேரிடம் அமெரிக்காவில் சோதித்தார்கள். 2013-ல் முடிவு வந்தது: சாப்பிட்டவர்களுக்கு நரம்புப் பாதிப்பு இன்னும் அதிகமாயிற்று. உங்கள் சொந்தபந்தத்தில் யாராவது கீமோ எடுத்துக்கொண்டிருந்தால், ‘சத்துதானே’ என்று எதையும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

மீதியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பென்ஃபோடியமின் பி1-ன் மறு உருவம். பெரிய கெடுதல் இல்லை, பெரிய சான்றும் இல்லை. வைட்டமின் டி குறைந்திருந்தால் எலும்புக்காக ஈடு செய்ய வேண்டியதுதான், எரிச்சலுக்கு என்று நம்பி அல்ல. வாரம் ஒன்று போட வேண்டிய 60,000 யூனிட்டைத் தினம் ஒன்றாகப் போட்டு ரத்தத்தில் கால்சியம் ஏறிப் படுத்தவர்கள் உண்டு. மஞ்சள் கேப்ஸ்யூல் வேறு, குழம்பில் போடுகிற மஞ்சள் வேறு. மிளகுச் சத்து சேர்த்த கேப்ஸ்யூலால் கல்லீரல் பாதித்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் தொடவே கூடாது. பயோட்டின் கலந்திருந்தால் தைராய்டு ரிப்போர்ட்டே தப்பாக வரலாம். ரத்தம் கொடுப்பதற்கு முன்பே நிறுத்திவிட்டு, சாப்பிட்டதை ரத்தம் எடுக்கிற இடத்திலும் சொல்லிவிடுங்கள்.

‘எங்க பெரியப்பாவுக்கு இதைச் சாப்பிட்டுத்தான் சரியாச்சு’ என்று நாலு பேர் சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. நரம்பு வலி ஏறும், இறங்கும். ரொம்ப ஏறியிருக்கும்போதுதான் மனிதன் புது மாத்திரை தேடிக் கடைக்கு வருகிறான். அதன் பிறகு அது தானாக இறங்குவது இயல்பு, பெயர் மாத்திரைக்குப் போய்விடும். இதைவிட ஆபத்தான காரணம் ஒன்று இருக்கிறது. எரிகிற நரம்பு முழுசாகச் செத்துவிட்டால் எரிச்சல் நின்றுவிடும். அவருக்கு நிம்மதி. ஆனால் செருப்பு கழன்று போனது தெரியாது, ஆணி ஏறியது தெரியாது. கவுண்டரில் எரிச்சல் விட்டுவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்கிறவரிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: தரை சுடுவது தெரிகிறதா? யோசித்துப் பதில் சொன்னாலே அனுப்பிவிடுவேன், பத்து கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கிற டாக்டரிடம். அம்மாவுக்கும் அந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு நிமிஷம்தான் ஆகும்.

அம்மா முன்னால் பீடி சுற்றியவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாவூர்சத்திரம், ஆலங்குளம், முக்கூடல் பக்கம் எத்தனை பெண்கள், மடியில் சுளகை வைத்துச் சம்மணம் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்தவர்கள்! அப்படி உட்கார்ந்தால் முழங்காலின் வெளிப்பக்கம் ஓடுகிற நரம்பு அழுந்தும். காலின் வெளிப்புறமும் பாதத்தின் மேல்பக்கமும் மரக்கும், பாதம் தொங்கும். மணிக்கட்டில் நரம்பு அழுந்தினால் கட்டை விரலிலிருந்து மூன்று விரல் ராத்திரியில் மதமதத்து, கையை உதறினால்தான் விடும். இதற்கு எந்தச் சத்து மாத்திரையும் உதவாது. உட்காரும் முறையை மாற்றுவது, மணிக்கட்டுக்குப் பட்டை, தேவைப்பட்டால் சிறு ஆபரேஷன். அம்மாவுக்கு இரண்டு உள்ளங்காலும் ஒரே மாதிரி எரிவதால் இது அதுவாகத் தெரியவில்லை. ஒரே காலில் மட்டும் இருந்தாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் போவதில் மாற்றம் வந்தாலோ, உணர்ச்சியில்லாத தேமல் இருந்தாலோ வேறு வழியில் போக வேண்டும், அதுவும் சீக்கிரமாக.

இப்போது தூங்கவிடாத வலிக்கு என்ன செய்வது? அதற்கென்று மருந்து இருக்கிறது, அது சத்து அல்ல. அமிட்ரிப்டிலின், டுலோக்செடின், ப்ரீகாபாலின், காபாபென்டின். 2015-ல் உலகளாவிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அமிட்ரிப்டிலின் வகையில் ஏறக்குறைய நாலு பேரில் ஒருவருக்கும், ப்ரீகாபாலினில் ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கும் மருந்தின் பலனாக வலி பாதியாகக் குறைந்தது. இவ்வளவுதானா என்று தோன்றும். நரம்பு வலியில் இதுவே நல்ல கணக்கு. அமிட்ரிப்டிலின் ராத்திரிக்கு 10 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம். வாய் உலரும், இதயக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ப்ரீகாபாலின் தலை சுற்றும், கால் வீங்கும், சிறுநீரகம் பார்த்து அளவு குறைக்க வேண்டும். எதுவானாலும் சீட்டு வேண்டும். கடையில் கேட்டு வாங்காதீர்கள். ப்ரீகாபாலினும் மீதில்கோபாலமினும் சேர்ந்த மாத்திரைகள் ஏராளம், அம்மாவுக்கு அது ‘நரம்புச் சத்து’ என்றே பதிந்துவிடும், உள்ளே தூக்கம் வரவழைக்கும் மருந்து இருப்பது தெரியாமலே.

இதனால்தான் லேபிள் பார்க்கச் சொல்கிறேன். நம் நாட்டுச் சத்து டப்பாவாக இருந்தால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் பதினாலு இலக்க உரிம எண்ணும் இருக்கும். கூடவே பொடி எழுத்தில் ‘நாட் ஃபார் மெடிசினல் யூஸ்’ என்று அச்சடித்திருப்பார்கள். அப்படிப் போட வேண்டும் என்பது சட்டம். மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது என்று டப்பாவே சொல்கிறது. அதை மருந்தாக நமக்கு விற்பது விளம்பரமும் வாட்ஸப்பும்தான்.

நாட்டு மருந்து பற்றியும் கேட்டிருந்தீர்கள். வெந்தயமோ முடக்கத்தான் தோசையோ சாப்பாடாகச் சாப்பிடட்டும், யார் தடுத்தார்? செந்தூரம், பற்பம் என்று போனால், முறையாகப் படித்தவர் எழுதி, உரிமம் உள்ள இடத்தில் செய்தது மட்டும். பாளையங்கோட்டையிலேயே 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும்போது, பஸ் ஸ்டாண்டில் பெயர் ஒட்டாத பொட்டலம் வாங்க வேண்டிய அவசியம் என்ன? பெயர் தெரியாத பொடியில் ஈயம் கலந்திருந்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். எங்கே காட்டினாலும், அங்கே வாங்கியதை இங்கேயும் இங்கே வாங்கியதை அங்கேயும் சொல்லிவிடுங்கள்.

ஆக வரும் வாரத்தில் செய்ய வேண்டியது: வீட்டில் இருக்கிற எல்லா அட்டையையும், டப்பாவையும் ஒரு பையில் போட்டு அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பி12, மூன்று மாதச் சர்க்கரை, கிரியேட்டினின், தைராய்டு பாருங்கள். சர்க்கரை ரொம்ப அதிகமாக இருந்தால் ஒரேயடியாக வேகமாக இறக்கினாலும் சிலருக்கு எரிச்சல் கொஞ்ச காலம் கூடும். பயப்பட வேண்டாம், ஆனால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தினம் ராத்திரி பாதத்தைப் பார்க்கட்டும், குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடியை வைத்து. எரிச்சலுக்குச் சுடுதண்ணியில் கால் வைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள், வெந்துபோனது தெரியாது. மத்தியான வெயிலில் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு சுற்ற வேண்டாம், சாமி சாயங்காலமும் அங்கேதான் இருக்கிறார்.

அக்கா ஏதாவது அனுப்பியே தீருவேன் என்றால், எம்.சி.ஆர். செருப்புக்கு, அதாவது பாதத்தை அழுத்தாத மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புக்குப் பணம் அனுப்பச் சொல்லுங்கள். பின்பக்கம் வார் வைத்தது. அளவு கொடுக்க அம்மாவே நேரில் போக வேண்டும், சாயங்காலமாகப் போகட்டும்; கால் லேசாக வீங்கியிருக்கிற நேரத்தில் அளந்தால்தான் பிறகு கடிக்காது.